இசை நாடகத்தில் தாயின் தியாகம்: எழுதவும் மேடையேற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

1985ஆம் ஆண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் க்ளோட்-மிஷேல் ஷோன்பெர்க் ஒரு பத்திரிகையைப் புரட்டும்போது ஒரு புகைப்படத்தில் அவர் கண் நின்றுவிடுகிறது. வியட்நாமில் ஒரு விமான நிலையம். அதுவரை பார்த்தேயிராத அப்பாவிடம், அமெரிக்காவுக்குப் போகப்போகிறாள் ஒரு சிறுமி. வழியனுப்ப வந்திருக்கும் அம்மாவுக்கு அந்த விமானத்தில் இடமில்லை. அந்த ஒரு படத்திலிருந்து முளைத்ததுதான் 'மிஸ் சைகோன்'. 1989 செப்டம்பர் 20 அன்று லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் தொடங்கி, பத்தாண்டுகள் அங்கேயே ஓடியது.

இந்தக் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் எழுதிய அம்மா பாத்திரம் ஆறு நிமிடம் விடாமல் அழுதுகொண்டே பாடினாள். ஒத்திகைக்கு வந்திருந்த நண்பர் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எல்லாம் சரி, அந்த அம்மா ஏன் யாரிடமும் கடன் கேட்டுப் பார்க்கவில்லை?" எனக்குப் பதில் தெரியவில்லை. மெட்டு போட்டிருந்தேன், கண்ணீர் வைத்திருந்தேன், காரணம் மட்டும் வைக்கவில்லை.

அன்றிலிருந்து இந்த வகைக் காட்சியை நான் அணுகும் முறை மாறிவிட்டது. தாயின் தியாகத்தை முதலில் ஒரு முடிவாகப் பார்க்கிறேன், பிறகுதான் உணர்ச்சியாக. அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியும் போகும். எழுதுபவர், இசையமைப்பவர், இயக்குபவர், பாடி நடிப்பவர் எல்லோருக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்த நாடகங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் உதவும். கதை முடிவுகளை மறைக்காமல் சொல்லப்போகிறேன், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

படி 1: முதலில் கணக்கு

ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். மெட்டையும் வரிகளையும் இப்போது தொட வேண்டாம். மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொரு வரியில் பதில் எழுதுங்கள். அம்மா எதை இழக்கிறாள்? அதற்கு ஈடாகக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது? இந்தப் பேரத்துக்கு அவளைத் தள்ளியது யார்?

'லே மிசரபிள்' நாடகத்தின் ஃபான்டீனை எடுத்துக்கொள்வோம். (சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கிய அதே விக்டர் ஹியூகோ நாவல்தான்.) மகள் கோசெட்டை ஒரு சத்திரக்காரக் குடும்பத்திடம் விட்டுவிட்டு ஆலையில் வேலை செய்கிறாள். குழந்தைக்கு உடம்பு சரியில்லை, பணம் அனுப்பு என்று கடிதம் வருகிறது. வேலை போகிறது. முதலில் கழுத்துப் பதக்கம், அப்புறம் தலைமுடி, கடைசியில் உடம்பு என்று ஒவ்வொன்றாக விற்கிறாள். தலைமுடிக்குப் பத்து ஃபிராங்க் என்று விலை பேசுவதே மேடையில் பாட்டாக வருகிறது. பத்து ஃபிராங்க் கிடைத்தால் கோசெட் பிழைப்பாள் என்று அவள் மனதுக்குள் கூட்டிக் கழிப்பதும் பாட்டில் இருக்கிறது. 'எல்லாவற்றையும் இழந்தாள்' என்று பொதுவாகப் பாடியிருந்தால் நாம் தலையை ஆட்டிவிட்டு மறந்திருப்போம். பத்து என்ற எண் காதில் விழும்போது ஒரு பெண்ணின் கூந்தலுக்கு என்ன விலை என்பது நம் கையில் வந்து விழுகிறது. சத்திரக்காரன் எழுதியது பொய், குழந்தைக்கு நோயே இல்லை என்பது இன்னொரு கொடுமை.

வில்லி ரஸ்ஸலின் 'பிளட் பிரதர்ஸ்' (1983) நாடகத்தின் கணக்கு வேறு. திருமதி ஜான்ஸ்டனுக்கு ஏற்கெனவே ஏழு பிள்ளைகள். கணவன் போய்விட்டான். வயிற்றில் இருப்பது ஒன்றல்ல, இரட்டை. ஒன்றென்றால் எப்படியோ சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவளுக்கு அந்த இன்னொன்றுதான் இடிக்கிறது. அவள் வீட்டுவேலை செய்யும் பணக்காரப் பெண்மணிக்குக் குழந்தை இல்லை. இரண்டில் ஒன்றைக் கொடுக்கிறாள். இழப்பு ஒரு பிள்ளை. ஈடு, அந்தப் பிள்ளைக்குக் குறையில்லாத வீடு.

மூன்றாவது கேள்விக்கு உங்கள் பதில் 'விதி' என்று வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். 'பிளட் பிரதர்ஸ்' முழுக்க மூடநம்பிக்கையும் சகுனமும் மிதக்கின்றன. ஆனாலும் கதைசொல்லி கடைசியில் வந்து, குற்றம் மூடநம்பிக்கையுடையதா, வர்க்கத்துடையதா என்று பார்வையாளரையே கேட்டுவிடுகிறான்.

படி 2: கதவுகளை மூடுங்கள், ஒவ்வொன்றாக

என் நண்பர் கேட்ட கேள்விக்கு வருவோம். பார்வையாளர்கள் இரக்கமுள்ளவர்கள்தான், ஆனால் கெட்டிக்காரர்களும்கூட. இருட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கு வழி தேடிக்கொண்டே இருப்பார்கள். ஓடிப்போகலாமே? அப்பனிடம் கேட்கலாமே? உண்மையைச் சொல்லிவிடலாமே? அவர்கள் யோசிக்கும் ஒவ்வொரு வழியையும் அம்மா அவர்களுக்கு முன்பே முயன்று பார்த்திருக்க வேண்டும்.

'மிஸ் சைகோன்' இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழும்போது அமெரிக்கச் சிப்பாய் கிறிஸ்ஸும் அவனைக் காதலிக்கும் வியட்நாம் பெண் கிம்மும் பிரிந்துவிடுகிறார்கள். மூன்று வருடம் கழித்து, சிறுவயதில் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த துய் வருகிறான். இப்போது அதிகாரத்தில் இருக்கிறான். அவனைக் கட்டிக்கொள்வது ஒரு வழி. அவனோ கிறிஸ்ஸுக்கும் அவளுக்கும் பிறந்த குழந்தை டாமைப் பார்த்ததும் கத்தியை உருவுகிறான். கிம் அவனைச் சுட்டுவிடுகிறாள். அந்தக் கதவு மூடியாயிற்று, நாட்டில் இருப்பதற்கான கதவும் சேர்ந்தே மூடுகிறது. படகேறி பாங்காக் போகிறாள். கிறிஸ் வருகிறான் என்ற செய்தி கிடைத்து ஹோட்டல் அறையைத் தேடிப் போனால், அங்கே அவனுடைய மனைவி எலன். கடைசியாக ஒரு வழி, குழந்தையை மட்டுமாவது அழைத்துப் போங்கள் என்று கேட்பது. அதையும் கேட்டுப் பார்க்கிறாள். எலன் கொடுமைக்காரி இல்லை. பணம் அனுப்புகிறோம், குழந்தை தாயோடுதான் இருக்க வேண்டும் என்பது அவள் நினைப்பு. அம்மா உயிரோடு இருக்கும் வரை டாம் அமெரிக்கா போகமாட்டான் என்பது கிம்முக்குப் புரிந்துபோகிறது.

கடைசிக் கதவை மூடுபவர் நல்லவராக இருப்பது நல்லது. வில்லன் மூடினால் பார்வையாளரின் கோபம் முழுக்க அவன் மேல் போய்விடும், அம்மாவைப் பார்ப்பது குறைந்துவிடும். 'லே மிசரபிள்' நாடகத்திலும் இதுதான். ஃபான்டீனைத் துரத்துவது மேஸ்திரி. ஆனால் விவகாரத்தைத் தீர்க்காமல் அவனிடம் விட்டுவிட்டு நகர்ந்தவர் ஆலையின் சொந்தக்காரரான ஜான் வல்ஜான், நாடகத்தின் கதாநாயகர். கவனக்குறைவாக இருந்த ஒரு நல்ல மனிதர். அந்தக் குற்ற உணர்வுதான் கோசெட்டை வளர்க்கும்படி அவரைத் தள்ளுகிறது. மீதி நாடகத்துக்கான எரிபொருளே அதுதான்.

செய்ய வேண்டியது: வழிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்தக் காட்சியில், யாரால் மூடுகிறது என்று எழுதுங்கள். எதிரே வெற்றிடம் இருந்தால் அதுதான் உங்கள் ஓட்டை. பாட்டால் அதை அடைக்க முடியாது.

படி 3: அம்மாவுக்குத் தனக்கென ஓர் ஆசை கொடுங்கள்

ஆசையே இல்லாத பெண் எதையும் விட்டுக்கொடுக்க முடியாது. அவளிடம் விடுவதற்கு என்ன இருக்கிறது? இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் காட்சியிலிருந்தே அம்மாவை ஒரு தெய்வப் படமாக மாட்டிவிடுகிறார்கள். அவள் ஆட விரும்பலாம், காதலிக்கலாம், கடன் வாங்கிப் பொருள் வாங்கிக் குவிக்கலாம். திருமதி ஜான்ஸ்டன் அப்படித்தான். தவணையில் வாங்கிய சாமான்களை ஆட்கள் வந்து திரும்ப எடுத்துப் போவார்கள், ஆனாலும் அவள் விடமாட்டாள். அந்தச் சின்னப் பேராசைதான் அவளை நமக்குத் தெரிந்த ஒருத்தியாக்குகிறது.

இங்கே ஒரு எதிர்ப்பாத்திரத்தைப் படிப்பது பயன்படும். 1959இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வந்த 'ஜிப்ஸி' நாடகத்தின் ரோஸ். மகள்களை நட்சத்திரமாக்க வாழ்க்கையையே கொடுத்தேன் என்று மூச்சுக்கு மூச்சு சொல்பவள். ஒரு கட்டத்தில் மகள் அவளுக்குத் தேவைப்படாத அளவு வளர்ந்துவிடுகிறாள். அப்போது காலி மேடையில் தனியாக நின்று ரோஸ் பாடும் கடைசிப் பாட்டில், இவ்வளவும் தனக்காகத்தான் என்ற உண்மை பீறிட்டு வருகிறது. உங்கள் அம்மா பாத்திரத்தை ரோஸின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இந்தத் தியாகத்தால் அவளுக்குப் பெருமை, பழிவாங்கல், பிள்ளை மேல் பிடி, ஏதாவது கிடைக்கிறதா? கொஞ்சம் கிடைத்தால் தப்பில்லை, பாத்திரம் உயிர் பெறும். ஆனால் எழுதுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

படி 4: பாட்டை எங்கே வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஃபான்டீனின் புகழ்பெற்ற கனவுப் பாட்டைக் கேட்டிருப்பீர்கள். தியாகத் தாய் என்றதும் உலகமே நினைத்துக்கொள்ளும் பாட்டு. அதன் வரிகளை மறுபடி கவனித்துக் கேளுங்கள். குழந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தன் இளமை, ஒரு கோடைக்காலம் கூடவே இருந்துவிட்டுப் போன காதலன், பொய்த்துப்போன எதிர்பார்ப்பு, இவ்வளவுதான். அது இழந்தவளின் பாட்டு, இறந்தகாலத்தில் நிற்கும் பாட்டு. குழந்தையைப் பற்றிய அவளுடைய பாட்டு, சாகும் தறுவாயில், கண்ணுக்கு முன் கோசெட் இருப்பதாக நினைத்துக்கொண்டு அழைக்கும்போதுதான் வருகிறது. முதல் பாட்டு அவள் யார் என்று காட்டிவிட்டதால்தான் இரண்டாவது பாட்டு நம்மை உடைக்கிறது.

கிம் 'மிஸ் சைகோன்' முதல் அங்கத்தின் முடிவில் மகனிடம் பாடும் பாட்டு இதற்கு நேர் எதிர். முழுக்க எதிர்காலம். உனக்காக உயிரையும் தருவேன் என்ற உறுதிமொழி. அந்த இடத்தில் நமக்கு அது ஒரு தாயின் வழக்கமான பேச்சாகவே படுகிறது. எந்தத் தாய்தான் இப்படிச் சொல்லமாட்டாள்? இரண்டாம் அங்கத்தின் முடிவில் அந்தச் சொல்லை அவள் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றும்போதுதான் முதல் அங்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள் என்பது உறைக்கிறது. நடுவில் ஓர் இடைவேளை, காபி, அரட்டை எல்லாம் போயிருக்கும். அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது.

ஆக, உங்கள் முன் இருப்பவை மூன்று வகை. முடிவெடுப்பதற்கு முன் பாடுவது, முடிவெடுக்கும்போதே பாடுவது, எல்லாம் முடிந்த பின் பாடுவது. எது சிறந்தது என்ற சண்டைக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மேடையில் ஃபான்டீன் தன் கனவுப் பாட்டை வேலை போன உடனே பாடுகிறாள். தலையில் முடி இருக்கிறது, கழுத்தில் பதக்கம் இருக்கிறது. 2012இல் வந்த திரைப்படத்தில் அதே பாட்டைத் தள்ளி வைத்தார்கள். எல்லாவற்றையும் விற்று முடித்து, ஒட்ட வெட்டப்பட்ட தலைமுடியோடு ஆன் ஹாத்தவே அதைப் பாடுகிறார். படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடி, பெரும்பாலும் முகத்தின் அண்மைக் காட்சியாகவே ஓடும் பாட்டு. அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. திரைக்கு அந்த இடம் பொருந்துகிறது, ஏனென்றால் கேமரா ஒரு முகத்தின் இடிபாடுகளைக் காட்ட முடியும். மேடைக்கு நான் பழைய இடத்தைத்தான் ஆதரிப்பேன். பத்தாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இடிபாடு தெரியாது, இனி என்ன ஆகப்போகிறதோ என்ற பதைப்பு தெரியும்.

பாடாமல் விடும் இடமும் முக்கியம். அமெரிக்கக் கடற்படை அதிகாரியை மணந்து கைவிடப்பட்ட ஜப்பானியப் பெண்ணின் கதை, இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியின் 'மேடம் பட்டர்ஃபிளை' ஓபரா. அதற்கு முன்பே, 1900இல் டேவிட் பெலாஸ்கோ அதே கதையை நாடகமாகப் போட்டார். கப்பல் வந்துவிட்டது, கணவன் வருவான் என்று நம்பி அவளும் குழந்தையும் இரவெல்லாம் காத்திருக்கும் காட்சி. வசனமே இல்லாமல், அந்தியிலிருந்து விடியல் வரை ஒளியை மட்டும் மாற்றி, 14 நிமிடம் ஓட்டினார். லண்டனில் அந்த நாடகத்தைப் பார்த்த புச்சீனிக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. இருந்தும் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. அவருடைய ஓபராவில் அந்த இரவு, சொற்களே இல்லாமல் வாய்மூடி முனகும் ஒரு குழுப்பாடலாக மாறியது. கதாநாயகி அப்போது பாடுவதில்லை, நிற்கிறாள். 1904 பிப்ரவரி 17 அன்று மிலானின் லா ஸ்காலாவில் நடந்த முதல் காட்சி படுதோல்வி. நீண்டுகொண்டே போன இரண்டாம் அங்கத்தைப் பிரித்து, மேலும் சில திருத்தங்களோடு அதே ஆண்டு மே 28 அன்று பிரேஷியாவில் போட்டபோது வெற்றி. காத்திருப்பை எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதில் புச்சீனிக்கே ஒரு முறை தவறியிருக்கிறது. நமக்கும் ஒத்திகையில் கடிகாரம் தேவை.

படி 5: பாட்டின் உள்ளே

இந்தப் பாட்டுக்குத் தாலாட்டு, ஒப்பாரி என்று இரண்டு வேர்கள் உண்டு. தாலாட்டு குழந்தையைப் பார்த்துப் பாடுவது, ஒப்பாரி போனவரைப் பார்த்துப் பாடுவது. தியாகத் தாயின் பாட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தூங்கவைப்பதுபோலத் தொடங்கி, போகப்போகிறவள் தனக்கே பாடிக்கொள்ளும் ஒப்பாரியாக அது திரும்பும் இடம் எது என்று இசையமைப்பாளர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்பவர் அந்தத் திருப்பத்தைக் கொஞ்சம் தாமதமாக உணர்வது நல்லது.

வரிகளில் பெரிய சொற்களைக் குறையுங்கள். தியாகம், தாய்மை, பாசம் ஆகிய மூன்றும் பாட்டுக்குள் வரவே கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். செருப்பு, சட்டைப் பொத்தான், பாதி குடித்த பால், போட்டுவிட மறந்த குல்லாய், இவற்றுக்கு இடம் கொடுங்கள். 'டியர் இவான் ஹான்சன்' நாடகத்தில் அம்மா மகனிடம் பாடும் பாட்டு இதற்கு நல்ல பாடம். அப்பா சாமான்களை ஏற்றிக்கொண்டு போன நாளை அவள் நினைவுபடுத்துகிறாள். அம்மாவைக் கூட்டிப்போகவும் இன்னொரு லாரி வருமா என்று அந்தச் சின்னப் பையன் கேட்டிருக்கிறான். ஒரு லாரி, ஒரு கேள்வி. நான் எங்கேயும் போகமாட்டேன் என்பதுதான் அவள் கொடுத்த வாக்கு, அதைக் காப்பாற்றத்தான் அத்தனை வருட உழைப்பும். யாரும் சாகவில்லை. தியாகம் என்றால் உயிர் கொடுப்பதுதான் என்று எழுத ஆரம்பிப்பவர்கள் இந்தப் பாட்டை ஒரு முறை கேட்டுவிட்டு உட்காருவது நல்லது.

அடுத்து மெட்டு. அம்மா போன பிறகும் மேடையில் தங்கக்கூடிய ஒரே பொருள் அவளுடைய மெட்டுதான். 'லே மிசரபிள்' நாடகத்தில் ஃபான்டீன் சாகும்போது பாடும் மெட்டு, பிறகு எபோனின் தன் ஒருதலைக் காதலைத் தனியாக நடந்து பாடும்போது திரும்ப வருகிறது. எபோனின் அந்தச் சத்திரக்காரனின் மகள். ஃபான்டீனை ஏமாற்றிப் பணம் பறித்த வீட்டில் வளர்ந்தவளுக்கே அந்த மெட்டு போய்ச் சேருகிறது. பார்ப்பவர் இதையெல்லாம் யோசிக்க மாட்டார், காது மட்டும் அடையாளம் கண்டுகொள்ளும். உங்கள் நாடகத்திலும் அம்மாவின் மெட்டில் நான்கைந்து சுரங்கள் உள்ள ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுங்கள், முணுமுணுக்கக் கூடியதாக. அதைப் பின்னால் யாரிடம், எந்த வாத்தியத்தில் கொடுக்கப் போகிறீர்கள் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். குழந்தையிடமே கொடுப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. வேறு யாராவது கிடைக்கிறார்களா பாருங்கள்.

உச்ச ஸ்தாயி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒரு பாட்டுக்கு ஒரு உச்சம் போதும். அதை வைக்கும் சொல் வினைச்சொல்லாக இருக்கட்டும்: தருவேன், விடு, போ. 'கண்ணே' என்ற சொல்லில் உச்சத்தை வைத்தால் கேட்பதற்கு நன்றாக இருக்கும், நாடகம் நகராது.

படி 6: மேடையில் குழந்தை

ட்ரபுள் என்றும் டோலோரே என்றும் அழைக்கப்படும் பட்டர்ஃபிளையின் குழந்தைக்குப் பாட்டில்லை. டாமும் அப்படித்தான், மிகச் சின்னப் பிள்ளைகள் நடிக்கும் மௌனப் பாத்திரம். இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. அம்மா மணிக்கணக்கில் பாடும் உலகில் குழந்தை மட்டும் மௌனமாக இருந்தால், மேடையில் உண்மையான மனிதப்பிறவி அது ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

நடைமுறை வேலைகள் கொஞ்சம் உண்டு, ஆனால் தவிர்க்க முடியாதவை. ஒரே குழந்தையை எல்லாக் காட்சிக்கும் நம்பாதீர்கள், மாறி மாறி வரும்படி இருவர் மூவரைப் பழக்குங்கள். ஒத்திகையின் முதல் வாரத்தில் காட்சியைத் தொடவே வேண்டாம். அம்மாவாக நடிப்பவரும் குழந்தையும் சும்மா விளையாடட்டும். கதையைக் குழந்தைக்கு அதன் வயதுக்கேற்ற அளவில் சொல்லுங்கள், அதுவும் பெற்றோரைக் கலந்துகொண்டு. குழந்தைக்கு உணர்ச்சி எதையும் கற்றுத்தராமல் ஒரு வேலையைக் கொடுங்கள்: இந்தப் பொம்மைக்குச் சட்டை போடு, இந்தக் கொடியை ஆட்டு. சோகமாக முகத்தை வைத்துக்கொள் என்று சொல்லிப் பழக்கிய ஒரு குழந்தையை நான் பார்த்திருக்கிறேன். பார்வையாளர்கள் பாவம், அம்மாவை விட்டுவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் இருக்கும் காட்சி என்றால் அது ஒலிபெருக்கியிலிருந்து வரட்டும், குழந்தையின் காதுக்கு அருகே எதுவும் வெடிக்க வேண்டாம். எப்போது சத்தம் வரும் என்பதும் குழந்தைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: கடைசிச் செயல்

பட்டர்ஃபிளை குழந்தையின் கையில் அமெரிக்கக் கொடியையும் ஒரு பொம்மையையும் கொடுத்து, கண்ணைக் கட்டிவிட்டு, தன் தந்தையின் கத்தியோடு திரைக்குப் பின்னால் போகிறாள். கிம்மும் மகனிடம் விடைபெற்றுவிட்டு மறைவாகப் போய்த்தான் சுட்டுக்கொள்கிறாள். இரண்டிலும் செயல் நம் கண்ணுக்கு மறைந்து நடக்கிறது, தயாரிப்பு மட்டும் வெளிச்சத்தில் நடக்கிறது. சட்டையை இழுத்துச் சரிசெய்வது, கையில் பொருளைத் திணிப்பது, கண்ணைக் கட்டுவது. என் அனுபவத்தில் பார்வையாளர் அழுவது சாவின்போது இல்லை, இந்தச் சில்லறை வேலைகளின்போதுதான்.

ஆகவே இயக்குநர் நேரத்தை இங்கே செலவழிக்க வேண்டும். நடிகையின் கைகளுக்கு மூன்று வேலைகள் கொடுங்கள், மூன்றும் அன்றாட வேலைகளாக இருக்கட்டும். முதல் அங்கத்தில் அதே வேலைகளை அவள் சாதாரணமாகச் செய்வதைக் காட்டியிருந்தால் இன்னும் நல்லது. அன்று விளையாட்டாகக் கண்ணைக் கட்டியவள் இன்று கட்டும்போது யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

செயல் முடிந்ததும் சீக்கிரம் முடித்துவிடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் வசனம் பேச ஆள் வந்துவிடுவார்கள்.

படி 8: இந்தத் தியாகத்தால் யாருக்கு வசதி?

இது கசப்பான படி. 1898இல் ஜான் லூதர் லாங் எழுதிய மூலக் கதையில் பட்டர்ஃபிளை சாக முயல்கிறாள், ஆனால் சாகவில்லை. பணிப்பெண் காயத்துக்குக் கட்டுப்போட, குழந்தையோடு அந்த வீட்டைவிட்டே போய்விடுகிறாள். கணவனின் புது மனைவி வந்து பார்க்கும்போது வீடு காலி. பெலாஸ்கோதான் அவளைக் கொன்றார், புச்சீனி அதைத் தொடர்ந்தார், 'மிஸ் சைகோன்' அதை வியட்நாமுக்குக் கொண்டுபோனது. மூன்றிலும் அவள் செத்ததும் வெள்ளைக்காரத் தம்பதிக்கு எல்லாம் ஒழுங்காகிவிடுகிறது: குழந்தையும் கிடைத்தது, சிக்கலான பெண்ணும் இல்லை. ஆசியப் பெண் என்றாலே மேற்கத்திய மேடையில் அழகாகச் சாக வேண்டியவள்தானா என்று 'மிஸ் சைகோன்' மீது எழுந்த விமர்சனம் இன்றுவரை ஓயவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். அந்தப் பாட்டில் நான் கலங்கிப்போவதும் உண்மைதான். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் நாடகத்துக்கு இதிலிருந்து இரண்டு வேலைகள். ஒன்று, அம்மாவுக்குக் கோபம் கொடுங்கள். கணக்கைத் தன் மேல் சுமத்தியவர்களை அவள் ஒரு தடவையாவது நேருக்கு நேர் பார்த்துப் பேசட்டும், பாடட்டும். இரண்டு, தியாகத்தின் செலவை உயிரோடு இருப்பவர்கள் மேல் ஏற்றுங்கள். 'பிளட் பிரதர்ஸ்' இதைத் தயங்காமல் செய்கிறது. கொடுத்துவிட்ட பிள்ளையும் வைத்துக்கொண்ட பிள்ளையும் வளர்ந்து, உண்மை தெரிந்த நாளிலேயே இருவரும் சாகிறார்கள். அதைக்கூட நாடகத்தின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அம்மா நல்லது நினைத்துச் செய்த காரியம் என்ன விளைவித்தது என்பதை மூன்று மணி நேரமும் நாம் தெரிந்துகொண்டே பார்க்கிறோம். தியாகம் பலிக்காமலும் போகலாம் என்று காட்டும் துணிச்சல் எனக்கு அந்த நாடகத்தில் மிகவும் பிடித்தது.

படி 9: பாடி நடிப்பவருக்கு

உண்மையாக அழுதால் பாட முடியாது. தொண்டை இறுகும், மூக்கு அடைக்கும், மூச்சு துண்டு துண்டாகும். ஒரு நாளைக்கு வேண்டுமானால் அது பார்க்க அருமையாக இருக்கும். வாரத்துக்கு எட்டுக் காட்சி என்றால் குரல் போய்விடும். கிம் போன்ற பாத்திரங்களுக்குச் சில காட்சிகளை ஏற்க மாற்று நடிகை ஒருவரை வைப்பது சும்மா இல்லை. முதல் கிம்மான லியா சலோங்காவுக்கு லண்டனில் தொடங்கியபோது வயது 18தான்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் வரிகளை மெட்டில்லாமல் பேசிப் பாருங்கள், எதிரே ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பதாக நினைத்து, அது பயந்துவிடக் கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு. அழுகை வந்தால் ஒத்திகை அறையிலேயே அழுது தீர்த்துவிடுங்கள், தடுக்க வேண்டாம். அப்புறம் மெட்டோடு, பாதிக் குரலில். மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். அம்மா தடுமாறும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாக்கியத்தின் நடுவே மூச்சு எடுங்கள். கண்ணீர் இல்லாமலேயே அந்த ஒரு மூச்சு எல்லாவற்றையும் காட்டிவிடும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முகத்தைக் குழந்தையிடமிருந்து திருப்பிக்கொள்வதும் ஒரு நல்ல உத்தி. உரத்த குரல் குழந்தைக்கு வேண்டாம் என்று அம்மா நினைப்பதாக அது புரிந்துகொள்ளப்படும், நடிகைக்கும் அரங்கைப் பார்த்துப் பாட வசதி.

சிரிக்க ஓர் இடம் கண்டுபிடியுங்கள். குழந்தை ஏதோ செய்கிறது, அம்மா தன்னை மறந்து ஒரு கணம் சிரித்துவிடுகிறாள். எழுத்தில் இல்லாவிட்டால் இயக்குநரிடம் கேட்டு வாங்குங்கள்.

படி 10: திரை விழுந்த பிறகு

'லே மிசரபிள்' நாடகத்தில் ஃபான்டீன் முதல் அங்கத்திலேயே, அதுவும் சீக்கிரமே போய்விடுகிறாள். இடையில் அந்த நடிகை கூட்டத்தில் ஒருத்தியாக வேறு உடைகளில் வந்துகொண்டிருப்பார். கடைசியில் வல்ஜான் சாகும்போது ஃபான்டீனாகத் திரும்பி வந்து அவரை அழைத்துப் போகிறாள். மகளை வளர்த்தவருக்கு நன்றி சொல்ல வருவதுபோல இருக்கும். உங்கள் நாடகத்தில் அப்படி ஒரு திரும்பி வருதல் இல்லையென்றால், வணக்கம் சொல்லும் நேரத்தையாவது கவனமாகத் திட்டமிடுங்கள். குழந்தையைக் கடைசியில் தனியாக வரவைக்காதீர்கள். அம்மாவாக நடித்தவர் முதலில் எழுந்து வந்து நடுவில் நிற்கட்டும், குழந்தை ஓரத்திலிருந்து ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொள்ளட்டும். மறுநாள் மாலை அந்தக் குழந்தை மறுபடி கண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதிப்பது பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.